குவாட்டர்பேக்கின் இரண்டரை விநாடி

1990 நவம்பர் 11. அமெரிக்கன் ஃபுட்பால் ஆட்டம். கேன்சஸ் சிட்டியின் ஏரோஹெட் மைதானத்தில் உள்ளூர் அணியின் டெரிக் தாமஸ் என்ற லைன்பேக்கர் (முன்வரிசைக்குப் பின்னால் நிற்கும் தடுப்பாட்டக்காரர்), சியாட்டில் அணியின் குவாட்டர்பேக் (பந்தை எறிபவர்) டேவ் க்ரீகை ஒரே ஆட்டத்தில் 7 முறை சாக் செய்தார். பந்தை எறிய விடாமல், ப்ளே (பந்தை ஒருமுறை ஆடுவது) தொடங்கிய கோட்டுக்குப் பின்னாலேயே 7 முறை மடக்கிப் போட்டார் என்று அர்த்தம். அமெரிக்காவின் தொழில்முறை லீக்கான என்எஃப்எல்லில் இன்றுவரை அதை யாரும் தாண்டவில்லை. ஆனால் அன்று ஜெயித்தது சியாட்டில். கடைசி ப்ளே, கடிகாரத்தில் மிச்சம் சில விநாடிகள். தாமஸ் எட்டாவது தடவையாக க்ரீகின் மேல் கை வைத்துவிட்டார். க்ரீக் தடுமாறி, உதறிக்கொண்டு நிமிர்ந்து 25 யார்டு தூரத்துக்கு எறிந்தார். பால் ஸ்கான்சி எண்ட் ஸோனில், அதாவது புள்ளி விழும் களத்தின் கடைசிப் பகுதியில், பிடித்தார். 17–16.

குவாட்டர்பேக்கை மடக்கப் பாயும் பாஸ் ரஷர்களைப் பற்றிப் பேச்சு வரும்போதெல்லாம் எனக்கு முதலில் நினைவுக்கு வருவது இந்த ஆட்டம்தான். 7 சாக் எடுத்தவரின் அணி தோற்கிறது. இன்னொரு நாள், ஸ்கோர் அட்டையில் பெயர்கூட வராத ஒருவரால் எதிரணியின் மொத்தத் திட்டமும் பாழாகிறது. அப்படியானால் சாக் எண்ணிக்கை எதைத்தான் சொல்கிறது? என் கட்சி இது: நல்ல பாஸ் ரஷர் செய்யும் வேலையில் சாக் என்பது சிறு பங்கு. பெரும்பங்கு, அவர் குவாட்டர்பேக்கைத் தொடாத ப்ளேக்களில்தான் இருக்கிறது. எதிரணி எதையெல்லாம் செய்ய நினைத்து, அவருக்குப் பயந்து செய்யாமல் விடுகிறது என்பதில் இருக்கிறது.

அமெரிக்கன் ஃபுட்பாலை இப்போதுதான் பார்க்க ஆரம்பித்திருக்கும் நண்பர்களுக்காகக் கொஞ்சம் அடிப்படை. பந்து கையில் உள்ள அணிக்கு 10 யார்டு முன்னேற நான்கு வாய்ப்பு. சென்டர் தன் கால்களுக்கு இடையே பந்தைப் பின்னால் தருவது ஸ்நாப். அதை வாங்கும் குவாட்டர்பேக்குக்கு முன்னால் ஐந்து பெரிய உடம்புக்காரர்கள் நிற்பார்கள்: நடுவில் சென்டர், இரு பக்கமும் கார்டுகள், ஓரங்களில் டேக்கிள்கள். எதிரே பெரும்பாலும் நான்கு பேர் பாய்ந்து வருவார்கள். குவாட்டர்பேக் பந்தை வாங்கி, களத்தைப் படித்து, எறிந்து முடிக்க இரண்டரை, இரண்டேமுக்கால் விநாடிதான் கிடைக்கும். ஆழமாக ஓடும் ரிசீவர் (பந்தைப் பிடிப்பவர்) திறந்த வெளிக்குப் போய்ச் சேர மூன்று விநாடிக்கு மேல் ஆகும். இந்த அரை விநாடி இடைவெளிக்குள்தான் கோடிக்கணக்கான டாலர்கள் புரள்கின்றன. பாஸ் ரஷர் என்பவர் அந்த அரை விநாடியைத் திருடுகிறவர்.

டென்வர் பக்கம் வேலை பார்த்த வருடங்களில் எனக்கு இந்த ஆட்டத்தைக் கற்றுக்கொடுத்தவர் பக்கத்து வீட்டுப் பெரியவர். கல்லூரி அணியில் கார்டாக ஆடியவர். முட்டி இரண்டும் போய்விட்டிருந்தன. சோபாவில் உட்கார்ந்தால் எழுந்திருக்க ஒரு கை பிடிக்க வேண்டும். எல்லாரையும் போல நானும் பந்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். "பந்தை விடுங்க, ஸ்நாப்புக்கு முன்னாடி டேக்கிளோட பாதத்தைப் பாருங்க" என்றார் ஒருநாள். பார்த்தேன். எதிரே சாதாரண ஆள் நின்றால் டேக்கிளின் எடை இரு காலிலும் சமமாக இருக்கும். எதிரே பயங்கரமானவர் நின்றால் வெளிக்கால் கொஞ்சம் பின்னுக்குப் போகும், எடை குதிகாலுக்கு நகரும், விரல்கள் தரையைத் தொட்டும் தொடாமலும் நிற்கும். ஆட்டம் தொடங்கவே இல்லை, அதற்குள் 140 கிலோ மனிதர் பின்வாங்கத் தயாராகிவிட்டார். "இப்பவே அவன் தோத்துட்டான் பாருங்க" என்பார் பெரியவர். அந்த எடை குதிகாலில் இருக்கும்போது ரஷர் நெஞ்சில் கை வைத்து நேராக இடித்தால் டேக்கிள் சறுக்கிக்கொண்டே குவாட்டர்பேக்கின் மடியில் போய் விழுவார். வேகத்துக்குப் பயந்தவரைப் பலத்தால் அடிப்பது. பெரிய ரஷர்கள் எல்லாருடைய கையிலும் இந்த இரண்டும் உண்டு.

இதன் சரித்திரம் லாரன்ஸ் டெய்லரிலிருந்து தொடங்குகிறது. அவருக்கு முன்னால் டீக்கன் ஜோன்ஸ் போன்ற அசுரர்கள் இருந்தார்கள். அவர்களைக் குறைத்துச் சொல்ல மாட்டேன். ஆனால் எதிரணிகள் தங்கள் ஆட்ட அமைப்பையே மாற்றிக்கொள்ளும்படி செய்தவர் டெய்லர்தான். 1981 டிராஃப்டில் (கல்லூரி வீரர்களை அணிகள் வரிசையாகத் தேர்ந்தெடுப்பது) இரண்டாவது ஆளாக நியூயார்க் ஜயன்ட்ஸ் அவரை எடுத்தது. ஆறடி மூன்று அங்குலம், 237 பவுண்டு. முதல் வருடத்திலேயே ஆண்டின் சிறந்த டிஃபென்ஸ் (தடுப்பாட்ட) வீரர். ஆச்சரியம் என்னவென்றால், அந்த முதல் வருடத்தின் சாக்குகள் அவருடைய அதிகாரபூர்வக் கணக்கில் இல்லை. என்எஃப்எல் சாக்கை எண்ண ஆரம்பித்ததே 1982இல்தான்.

அதுவரை வெளிப்பக்க லைன்பேக்கர் பாய்ந்து வந்தால் அவரைத் தடுப்பது ரன்னிங் பேக்கின் (பந்தைத் தூக்கிக்கொண்டு ஓடுபவரின்) பொறுப்பு. 200 பவுண்டு ஆள் டெய்லரின் எதிரே நின்றால் என்ன ஆகும் என்று சொல்லத் தேவையில்லை. முதலில் விடை கண்டவர் சான்ஃபிரான்சிஸ்கோ பயிற்சியாளர் பில் வால்ஷ். 1982 ஜனவரியில் நடந்த பிளே-ஆஃப் ஆட்டத்தில் ஜான் அயர்ஸ் என்ற கார்டைத் தன் இடத்திலிருந்து பின்வாங்கி வெளியே வரச் செய்து, டெய்லரின் மேல் ஏவினார். 38–24 என்று சான்ஃபிரான்சிஸ்கோ ஜெயித்தது. அந்தப் பருவத்தின் இறுதிப் போட்டியான சூப்பர் பௌலையும் தட்டிக்கொண்டு போனது. ஆனால் கார்டை அங்கே அனுப்பினால் நடுவில் ஓட்டை விழும். அடுத்த எதிரணி அந்த ஓட்டையைப் பார்த்துவிடும். வால்ஷின் விடை ஒரு நாளைக்கான விடை.

வாஷிங்டன் பயிற்சியாளர் ஜோ கிப்ஸுக்கு அது போதவில்லை. ஜயன்ட்ஸும் வாஷிங்டனும் ஒரே பிரிவு. வருடத்துக்கு இரண்டு தடவை மோதியாக வேண்டும். இரண்டு ரன்னிங் பேக்குகள் நிற்கும் பழைய அமைப்பைக் கலைத்து, ஒருவரை எடுத்துவிட்டு, அந்த இடத்தில் இரண்டாவது டைட் எண்டை (லைனின் ஓரத்தில் நின்று தடுக்கவும் பந்தைப் பிடிக்கவும் செய்பவரை) கொண்டுவந்தார். டெய்லர் எந்தப் பக்கம் நிற்கிறாரோ அந்தப் பக்கம் ஒரு கனமான ஆள் நகர்ந்து நிற்க வேண்டும். ஒரே ஒரு வீரனுக்காக எதிரணி தன் பதினொரு பேரின் நிலையை மாற்றிக்கொள்வது என்பது சின்ன விஷயம் இல்லை. இன்று எந்த அணியைப் பார்த்தாலும் இரண்டு டைட் எண்ட் அமைப்பு சர்வசாதாரணம். அது அங்கே முளைத்ததன் ஒரு முக்கியக் காரணம் டெய்லர்மேல் இருந்த பயம்.

இத்தனை செய்தும் 1985 நவம்பர் 18 இரவு, வாஷிங்டன் குவாட்டர்பேக் ஜோ தைஸ்மனின் வலது கால் எலும்பு டெய்லர் விழுந்ததில் முறிந்தது. தொலைக்காட்சியில் தேசமே பார்த்துக்கொண்டிருந்த திங்கட்கிழமை ஆட்டம். மருத்துவர்களை வரச் சொல்லிப் பதறிக் கையசைத்தவர் டெய்லரேதான். தைஸ்மன் அதற்குப் பிறகு ஆடவே இல்லை. அந்தக் காட்சியை நான் ஒரு முறைக்கு மேல் பார்க்க விரும்பவில்லை. வலது கைக்காரக் குவாட்டர்பேக் எறியத் திரும்பும்போது இடது பக்கம் அவர் கண்ணுக்குத் தெரியாது; அந்தக் குருட்டுப் பக்கத்தைக் காப்பவர் லெஃப்ட் டேக்கிள். டெய்லருக்குப் பிந்தைய காலத்தில் லெஃப்ட் டேக்கிளின் சம்பளம் மற்ற லைன்மேன்களை விட்டு எங்கேயோ போய்விட்டது. 1986இல் 20.5 சாக் (இருவர் சேர்ந்து மடக்கினால் ஆளுக்கு அரை) எடுத்த டெய்லர் ஆண்டின் மிகச்சிறந்த வீரர் விருதையே வாங்கினார். டிஃபென்ஸ் வீரருக்கு அது கிடைப்பது அபூர்வத்திலும் அபூர்வம்.

சரி, பயம் எப்படிக் கணக்காக மாறுகிறது? ஆட்களை எண்ணிப் பார்த்தால் போதும். பதினொரு பேரில் குவாட்டர்பேக் ஒருவர், லைன்மேன்கள் ஐவர். மிச்சம் ஐந்து பேர் பந்து வாங்க ஓடலாம். எதிரே ஒரு வான் மில்லரோ மைல்ஸ் காரெட்டோ நிற்கிறார் என்று வையுங்கள். டேக்கிள் தனியாகத் தாங்கமாட்டார். டைட் எண்டை அவர் பக்கத்தில் நிறுத்தி, ரஷரை ஓர் இடி இடித்துவிட்டு ஓடச் சொல்கிறார் பயிற்சியாளர். இதை சிப் என்பார்கள். அந்த டைட் எண்ட் ஒரு விநாடி தாமதமாகத்தான் கிளம்புவார். குவாட்டர்பேக் அவரைத் தேடும்போது அவர் இன்னும் போய்ச் சேர்ந்திருக்க மாட்டார். அதுவும் போதவில்லை என்றால் டைட் எண்ட், ரன்னிங் பேக் இருவரையும் பின்னாலேயே நிறுத்திவிட வேண்டியதுதான். இப்போது ஓடுகிறவர்கள் மூன்றே பேர். டிஃபென்ஸ் நான்கு பேரை மட்டும் அனுப்பியிருந்தால், அந்த மூவரைக் காவல் காக்க ஏழு பேர் இருக்கிறார்கள். அந்த ப்ளேயில் ரஷர் குவாட்டர்பேக்கின் கிட்டேகூடப் போகாமல் இருக்கலாம். வேலை முடிந்துவிட்டது.

ஆட்களைக் கொடுக்க மனமில்லாத பயிற்சியாளர் நேரத்தைக் கொடுப்பார். பந்தை ஒன்றரை விநாடியில் எறிந்துவிடு என்பார். ஐந்து யார்டு, ஆறு யார்டு பாஸ்கள், ஸ்க்ரீன்கள் (தடுப்பவர்களை முன்னால் விட்டு எறியும் குட்டிப் பாஸ்கள்). கொஞ்ச நேரம் நன்றாகவே நடக்கும். ஆனால் ஆழமாக எறிய மாட்டார்கள் என்று ரிசீவர்களைக் காவல் காக்கும் கார்னர்பேக்குகளுக்குத் தெரிந்த கணமே அவர்கள் முன்னால் வந்து உட்கார்ந்துகொள்வார்கள். ஐந்து யார்டு பாஸை எதிர்பார்த்துப் பறிக்கக் காத்திருப்பார்கள். அதனால்தான் சுமாரான கார்னர்பேக்குகள்கூட நல்ல ரஷர் உள்ள அணியில் நட்சத்திரமாகத் தெரிகிறார்கள். கிரிக்கெட்டில் பும்ரா ஒரு முனையில் கட்டிப் போடும்போது மறுமுனையில் வீசுகிறவருக்கு விக்கெட் விழும் அல்லவா, ஏறக்குறைய அந்த மாதிரி.

லைனுக்குள்ளும் அதே கதை. ரஷர் பக்கம் லைன் முழுதும் சரிந்து நின்றால், மறுபக்க ரஷருக்கு ஒற்றைக்கு ஒற்றை கிடைக்கும். கூட்டத்தின் இரைச்சலில் டேக்கிள் பதற்றப்பட்டு ஸ்நாப்புக்கு முன்பே அசைந்தால் 5 யார்டு அபராதம். தாண்டிப் போகிறவரின் சட்டையைப் பிடித்து இழுத்தால் 10 யார்டு. எல்லாம் சேர்ந்து மூன்றாவது வாய்ப்புக்கு 15, 18 யார்டு தேவைப்படும் நிலைக்குத் தள்ளிவிடும். அந்த நிலையில் ஓட முடியாது, எறிந்தே ஆக வேண்டும் என்று மைதானத்தில் உள்ள எல்லாருக்கும் தெரியும். ரஷருக்கு அதைவிட என்ன வேண்டும்?

இது அத்தனையும் ஒரே மாதத்தில் நடந்ததை நான் பார்த்தது 2016இல். டென்வர் பிரான்கோஸ் அணியில் ஒரு பக்கம் வான் மில்லர், மறுபக்கம் டிமார்கஸ் வேர். டிஃபென்ஸுக்குப் பயிற்சியளித்தவர் வேட் ஃபிலிப்ஸ். குவாட்டர்பேக் பெய்டன் மேனிங்குக்கு வயதாகிவிட்டிருந்தது. டென்வர் ஆஃபென்ஸ் அந்த வருடம் தேறவே இல்லை. டிஃபென்ஸ்தான் தூக்கிக்கொண்டு வந்தது. ஜனவரி 24 அன்று டாம் பிரேடியின் நியூ இங்கிலாந்து டென்வருக்கு வந்தது. அன்று பிரேடி 20 முறை அடி வாங்கினார். காது கிழியும் கூச்சல், அதனால் ஸ்நாப்புக்குக் குரல் கொடுக்க முடியாது. மௌன முறையில்தான் தொடங்க வேண்டும். நியூ இங்கிலாந்து சென்டர் ஸ்நாப்புக்குச் சற்று முன் தலையை ஓர் அசை அசைக்கிறார் என்று வேர் கண்டுபிடித்துவிட்டார். அந்தத் தலையசைவைப் பார்த்துப் பாய்ந்தார்கள். டேக்கிள் எழுந்திருக்கும்போது மில்லர் பாதி வழி வந்திருந்தார். மில்லருக்கு அன்று இரண்டரை சாக். அவற்றைவிட எனக்குப் பிடித்தது, பாய்வார் என்று எல்லாரும் எதிர்பார்த்த ஒரு ப்ளேயில் அவர் பாயாமல் பின்வாங்கி, பிரேடியின் பாஸைக் கையில் வாங்கிக்கொண்டதுதான். அதிலிருந்து டென்வருக்கு ஒரு டச்டவுன் (எண்ட் ஸோனில் பந்தைச் சேர்ப்பது) வந்தது. 20–18 என்று ஜெயித்தார்கள்.

பிப்ரவரி 7, சான்டா கிளாரா, 50வது சூப்பர் பௌல். எதிரே கரோலைனா. 15 வெற்றி, 1 தோல்வி என்று பருவத்தை முடித்த அணி, சரியாக 500 புள்ளிகள் குவித்திருந்தது. குவாட்டர்பேக் கேம் நியூட்டன் ஆண்டின் மிகச்சிறந்த வீரர். ஆறடி ஐந்து அங்குலம், லைன்பேக்கர் உடம்பு. அவரை யாரும் அவ்வளவு சுலபத்தில் கீழே தள்ள முடியாது. முதல் கால்மணியில், தங்கள் எண்ட் ஸோனுக்குப் பக்கத்தில், மூன்றாவது வாய்ப்பு. மில்லர் ரைட் டேக்கிள் மைக் ரெம்மர்ஸைத் தாண்டி வந்து நியூட்டனைக் கட்டிப்பிடித்த வேகத்திலேயே அவர் கையிலிருந்து பந்தைப் பிடுங்கினார். அது உருண்டது, மாலிக் ஜாக்சன் எண்ட் ஸோனுக்குள் அதன்மேல் விழுந்தார். டச்டவுன். 10–0.

மில்லரின் வித்தையை அருகில் பார்த்தால் தெரியும்: அவர் டேக்கிளைச் சுற்றி வளையும்போது உள்தோள் டேக்கிளின் இடுப்புக்குக் கீழே போய்விடும். கணுக்கால் அந்தக் கோணத்தில் மடங்கி, ஓட்டம் குறையாமல் வளைவது எல்லாராலும் ஆகாது. 140 கிலோ டேக்கிளின் கை மேலே காற்றைத்தான் பிடிக்கும். ரெம்மர்ஸ் மோசமான ஆட்டக்காரர் இல்லை. அன்று மில்லரின் எதிரே தனியாக விடப்பட்டார், அவ்வளவுதான். உதவி தராதது ஏன் என்று கரோலைனா ரசிகர்கள் இன்னும் கேட்கிறார்கள். நியாயமான கேள்வி. பருவம் முழுக்க ஐந்து பேரையும் ஓடவிட்டே 500 புள்ளி எடுத்தவர்கள். அதைக் கடைசி நாளில் விட மனம் வரவில்லை போலும். நான்காவது கால்மணியில் 16–10 என்று ஆட்டம் இன்னும் கையெட்டும் தூரத்தில் இருந்தபோது மில்லர் மறுபடி நியூட்டனின் கையைத் தட்டினார். பந்து மறுபடி உருண்டது. டி.ஜே. வார்டு எடுத்தார். 24–10. சூப்பர் பௌலின் சிறந்த வீரர் விருது மேனிங்குக்குப் போகவில்லை, மில்லருக்குப் போனது.

ஓரத்திலிருந்து வருகிறவர்களைப் பற்றியே பேசிவிட்டேன். ஓரத்து ரஷரிடமிருந்து தப்ப குவாட்டர்பேக்குக்கு ஒரு வழி உண்டு: முன்னால் ஓர் அடி எடுத்து வைத்தால் போதும், ரஷர் பின்னால் சுற்றிக்கொண்டு போய்விடுவார். நடுவிலிருந்தே ஒருவர் வந்தால் அந்த வழியும் அடைபடும். ஆரன் டொனால்ட் அப்படிப்பட்டவர். டிஃபென்ஸிவ் டேக்கிளாக நின்றுகொண்டு, இரண்டு பேர் தடுக்கும்போதே 2018இல் 20.5 சாக் எடுத்தார். ஆனால் அவருடைய ஆகப்பெரிய ப்ளே எந்தச் சாக் கணக்கிலும் இல்லை. 2022 பிப்ரவரி 13, சூப்பர் பௌல், டொனால்டின் ராம்ஸ் 23, சின்சினாட்டி 20. சின்சினாட்டிக்குக் கடைசி வாய்ப்பு, ஒரே ஒரு யார்டு வேண்டும். ஜோ பரோ பந்தை வாங்கினார். ரிசீவர் ஜமார் சேஸ் தன் காவலரைத் தாண்டி வெட்டவெளியில் ஓடிக்கொண்டிருந்தார். இன்னும் ஒரு விநாடி கிடைத்திருந்தால் பரோ அவரைப் பார்த்திருப்பார். டொனால்ட் கொடுக்கவில்லை. தோளைப் பிடித்துச் சுழற்றினார். சுழன்றபடியே பரோ எறிந்த பந்து யார் கைக்கும் போகவில்லை. ஆட்டக் குறிப்பில் அது ‘முழுமையடையாத பாஸ்’ என்றுதான் இருக்கும்.

இவர்களை அடக்கவே முடியாதா என்றால், முடியும். ரஷர் நிற்கும் பக்கமே பந்தை எடுத்துக்கொண்டு திரும்பத் திரும்ப ஓடினால் அவர் பாயும் ஆசையை விட்டுத் தாங்கி நிற்க வேண்டியிருக்கும். கூடி நின்று திட்டம் பேசாமல் வேகவேகமாக ஆடினால் மாற்று ஆள் வர முடியாது, மூச்சு வாங்கும். ஆனால் இவை எல்லாமே முன்னிலையில் இருக்கும் அணிக்குத்தான் கைகொடுக்கும். 14 புள்ளி பின்தங்கிவிட்டால் எறிந்துதான் ஆக வேண்டும்.

ஒரு ரஷரோடு நிற்காமல் நான்கு பேரும் தேறியவர்களாக அமைந்தால் என்ன ஆகும் என்பதற்குக் கேன்சஸ் சிட்டியே சாட்சி. 2021 பிப்ரவரி சூப்பர் பௌலில் அதன் இரண்டு டேக்கிள்களும் காயத்தால் ஆடவில்லை. டாம்பா பே கூடுதல் ஆட்களை அனுப்பும் பிளிட்ஸை அரிதாகவே கையாண்டது. ஷாக் பாரெட், ஜேசன் பியர்-பால் உள்ளிட்ட முன்வரிசையே போதுமாக இருந்தது. பாட்ரிக் மஹோம்ஸ் 29 முறை நெருக்கடிக்கு ஆளானார். எறிவதற்கோ விழுவதற்கோ முன்னால் அவர் அங்குமிங்கும் ஓடிய தூரம் மட்டும் 497 யார்டு. சாக் எத்தனை தெரியுமா? மூன்று. 31–9 என்று தோற்றார்கள். சாக்கை மட்டும் எண்ணுகிறவர்களிடம் நான் காட்டும் ஆட்டம் இதுதான். கீழே விழுந்துகொண்டே கிடைமட்டமாக அவர் எறிந்த பந்துகள் ரிசீவர்களின் கைக்கே போனதை அன்று பார்த்தவர்கள் மறக்க மாட்டார்கள். அவ்வளவு மேதையிடமிருந்தும் ஒரு டச்டவுன்கூட வராமல் செய்தது அந்த நான்கு பேரின் உழைப்பு.

அந்தக் கோடையில் கேன்சஸ் சிட்டி தன் லைனையே புதிதாகக் கட்டியது. ஆர்லாண்டோ பிரவுனை வர்த்தகத்தில் வாங்கியது, ஜோ தூனியைப் பெருந்தொகைக்கு எடுத்தது, டிராஃப்டில் க்ரீட் ஹம்ஃப்ரியையும் ட்ரே ஸ்மித்தையும் சேர்த்தது. பிற்பாடு இரண்டு கோப்பைகளும் வந்தன. எதிரணியின் ரஷர்கள் ஒரு மாலையில் செய்த வேலை, ஓர் அணியின் பல வருடப் பணப்பட்டியலை எழுதியது. ரஷர்களுக்குக் கொட்டிக் கொடுப்பதும் இதனால்தான். 2025 ஆகஸ்டில் மைக்கா பார்சன்ஸ் என்ற ரஷருக்காக கிரீன் பே இரண்டு முதல் சுற்று டிராஃப்ட் தேர்வுகளையும் கென்னி கிளார்க் என்ற வீரரையும் டாலஸுக்குக் கொடுத்து, ஆண்டுக்கு 4.7 கோடி டாலர் சம்பளமும் பேசியது. குவாட்டர்பேக் அல்லாத எவருக்கும் அதுவரை அவ்வளவு கிடைத்ததில்லை. அதிகம் என்று சொல்கிறவர்கள் உண்டு. நான் சொல்ல மாட்டேன்.

2025 பிப்ரவரி 9, மறுபடி கேன்சஸ் சிட்டி, மறுபடி சூப்பர் பௌல். இம்முறை எதிரே ஃபிலடெல்ஃபியா. லெஃப்ட் டேக்கிள் இடத்துக்குச் சரியான ஆள் அமையாமல், கார்டான ஜோ தூனியை அங்கே நகர்த்தியிருந்தார்கள். ஒருவரை நகர்த்தினால் அவர் விட்டுவந்த இடமும் பலவீனமாகும். ஃபிலடெல்ஃபியா அந்த ஆட்டத்தில் ஒரு தடவைகூடப் பிளிட்ஸ் அனுப்பவில்லை. நான்கு பேர் பாய, ஏழு பேர் பின்னால் காவல். இடைவேளையின்போது 24–0. ஜாஷ் ஸ்வெட்டுக்கு இரண்டரை சாக், மில்டன் வில்லியம்ஸுக்கு இரண்டு. மஹோம்ஸ் மொத்தம் ஆறு முறை விழுந்தார். ஆட்டம் 40–22 என்று முடிந்தது. அடுத்த மாதமே தூனியை சிகாகோவுக்கு அனுப்பிவிட்ட கேன்சஸ் சிட்டி, ஏப்ரல் டிராஃப்டின் முதல் சுற்றில் தனக்குக் கிடைத்த ஒரே தேர்வை ஜாஷ் சிமன்ஸ் என்ற லெஃப்ட் டேக்கிளுக்குக் கொடுத்தது.